நிலம் போனவர்கள் இணையத்தில் கட்டிய வீடு

நான் பிறந்த தோட்டம் சிரம்பானுக்குத் தெற்கே இருந்தது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படித்தபோது நிலம் கைமாறியது. லயங்களை இடித்தார்கள். கோயில் சாலையோரத்திற்கு நகர்ந்தது. மயானத்தை என்ன செய்வது என்ற பேச்சுதான் கடைசிவரை இழுபட்டது. இன்று எங்கள் தோட்டத்து மக்கள் கூடுமிடம் ஒரு வாட்ஸ்அப் குழு. பிறந்தநாள் வாழ்த்து, இறப்புச் செய்தி, எப்போதாவது ஒரு பழைய படம்.

அதனால்தான், கனடாவில் 1990ஆம் ஆண்டு நடந்த ஒரு நிலப் போராட்டத்தைப் பற்றிப் படித்தபோது என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. கியூபெக் மாநிலத்தின் ஓகா நகராட்சி அங்கிருந்த கோல்ஃப் திடலை விரிவாக்க முனைந்தது. அதற்குக் குறித்த பைன் காட்டை ஒட்டியே மோஹாக் பூர்வகுடியினரின் மயானம். அவர்கள் வழிமறித்து நின்றார்கள். முதலில் காவல்துறை வந்தது, பிறகு இராணுவம். 78 நாள்கள் நீடித்த அந்தப் போராட்டத்தின் பின் திடல் விரியவில்லை.

அதே இனத்தைச் சேர்ந்த ஓவியர் ஸ்காவென்னாத்தி, கானாவாகே என்ற ஊரில் பிறந்தவர். 1997இல் அவர் நண்பர்களோடு 'சைபர் பவ்வாவ்' என்ற முயற்சியைத் தொடங்கினார். பவ்வாவ் என்பது மேளம் கொட்டி, ஆடிப் பாடி, விருந்துண்டு கூடும் பூர்வகுடி விழா. அக்காலத்தில் 'தி பேலஸ்' என்றொரு மென்பொருள் இருந்தது. திரையில் ஓர் அறையின் படம் தெரியும். நாம் ஓர் உருவத்தை எடுத்துக்கொண்டு உள்ளே நுழையலாம்; பேசினால் தலைக்குமேல் குமிழில் எழுத்து வரும். பூர்வகுடி ஓவியர்கள் தாங்களே அறைகளையும் உருவங்களையும் வரைந்து அதில் குடியேறினார்கள். எல்லாரிடமும் கணினி இல்லாத காலம். ஆகவே பல நகரங்களில் கலைக்கூடங்களைத் திறந்து, மக்களை ஒன்றாக உட்கார வைத்தார்கள். ஒரே தொலைக்காட்சிக்கு முன் லயமே கூடியதாகப் பாட்டி சொல்வது எனக்கு நினைவு வந்தது. 2004 வரை நான்கு முறை இது நடந்தது.

பிறர் செய்த திரைப்படங்களிலும் விளையாட்டுகளிலும் செவ்விந்தியர் என்றால் இறகுத் தொப்பி, குதிரை, அம்பு. அந்த உருவத்தை மாற்ற வேண்டுமானால் செய்யும் தொழிலைத் தாங்களே கற்க வேண்டும் என்று இவர்கள் நினைத்தார்கள். 2005இல் ஸ்காவென்னாத்தியும் ஜேசன் எட்வர்ட் லூயிசும் மோன்ட்ரியல் கன்கோர்டியா பல்கலைக்கழகத்தில் 'ஆப்டெக்' அமைப்பை நிறுவினர். இணையவெளியில் பூர்வகுடி நிலங்கள் என்பது அப்பெயரின் பொருள். கானாவாகே உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்குப் பயிலரங்கு நடத்தினார்கள். முதலில் பெரியவர்களிடம் கதை கேட்டார்கள், பிறகுதான் கணினி. அப்படிப் பிறந்த விளையாட்டு 'ஓட்சி'. எனக்கு மிகவும் பிடித்தது அந்த வரிசைதான்.

ஸ்காவென்னாத்தி 2008 முதல் 2013 வரை 'டைம் டிராவலர்' என்ற ஒன்பது பகுதிப் படத்தைச் செய்தார். 'செகண்ட் லைஃப்' என்ற கணினி உலகத்துக்குள்ளேயே எடுத்த படம் அது. 22ஆம் நூற்றாண்டில் வாழும் மோஹாக் இளைஞன் ஒரு கண்ணாடியை அணிந்து பழைய நாள்களுக்குள் நுழைகிறான். அவன் போகும் இடங்களில் ஒன்று ஓகா. தம் இனத்தவர் எதிர்காலத்திலும் இருப்பார்கள் என்பதை அவர் வாதாடவில்லை, வரைந்துவிட்டார்.

நாம் இம்மண்ணின் பூர்வகுடிகள் அல்லர். நெகிரி செம்பிலானில் அந்தப் பெயர் தெமுவான் போன்ற மக்களுக்கே உரியது. தோட்டங்கள் வருமுன்பே இங்கே இருந்தவர்கள் அவர்கள். ஆனால் வரைவதற்கு நமக்கும் இடமிருக்கிறது. கடந்த பள்ளி விடுமுறையில் எங்கள் தோட்டத்தைக் கணினியில் வரையத் தொடங்கினேன். பெரட்டுக்களம், பால் ஸ்டோர், இரண்டு வரிசை லயம். குழுவில் போட்ட அன்றிரவே திருத்தங்கள் குவிந்தன. "தம்பி, மாட்டுக் கொட்டகைய மறந்துட்டியே!" என்றார் ஒருவர். முருங்கை மரம் யார் வீட்டு வாசலில் நின்றது என்று இரண்டு பெரியம்மாக்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். மயானத்தை மட்டும் வரையாமல் விட்டிருக்கிறேன். எந்தக் கல் யாருடையது என்று சொல்ல, அடுத்த ஞாயிறு நேரில் வரச்சொல்லியிருக்கிறார்கள்.