எது ஒரு புள்ளி?

வாய்தா வரலாறு – 11

நகரத்தார் வீட்டுக் கல்யாணத்துக்குப் பிள்ளையார்பட்டியிலிருந்தோ மாத்தூரிலிருந்தோ கோயில் மாலை வந்து சேர்ந்தால், சமூகத் தலைக்கட்டுக் கணக்கில் மாப்பிள்ளை ஒரு புள்ளி. ஊரில் எத்தனை புள்ளி என்று கேட்டால் பதில் பட்டென்று வரும். எது ஒரு புள்ளி என்பதில் அங்கே யாருக்கும் குழப்பம் இல்லை.

எது ஒரு வழக்கு என்பதில் கோர்ட்டுகளுக்கு அந்தத் தெளிவு வாய்க்கவில்லை. நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான சட்ட ஆணையம், வழக்குத் தேக்கம் பற்றிய தன் 245ஆவது அறிக்கையை 2014இல் எழுதப் புகுந்தபோது முட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான். ஓர் உயர் நீதிமன்றம் இடைக்கால மனுவையும் வழக்காக எண்ணுகிறது, இன்னொன்று எண்ணுவதில்லை. சில இடங்களில் போக்குவரத்துச் சலானும் ஒரு வழக்கு.

காரைக்குடிப் பக்கத்துப் பாகப்பிரிவினைத் தாவா ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்று நீளும் வீடு. ஐயா காலத்தில் ஐந்து மகன்கள். இன்று பங்காளிகள் முப்பது பேர், பாதிப்பேர் கோலாலம்பூரில். சம்மன் சார்வாகவே வருஷம் ஓடும். நடுவில் ஒரு பிரதிவாதி காலமானால் வாரிசுதாரர்களைச் சேர்க்க ஒரு மனு, அதற்கு நாலு வாய்தா. ஒருவழியாக முதல்நிலைத் தீர்ப்பாணை வருகிறது: இன்னாருக்குப் பதினைந்தில் ஒரு பங்கு, இன்னாருக்கு முப்பதில் ஒன்று. பதிவேட்டில் தாவா ‘முடிவு’. நீதிபதியின் வேலையை அளக்கும் கணக்கில் யூனிட் ஏறுகிறது. வீட்டில் பூட்டு அப்படியே தொங்குகிறது.

எந்த அறை யாருக்கு என்று வக்கீல் கமிஷனர் டேப் பிடித்து அளந்து, இறுதித் தீர்ப்பாணை வாங்கி, பிறகு நிறைவேற்று மனு போட்டால் அதற்குப் புது எண். 2015 முதல் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிற தேசிய நீதித்துறைத் தரவுத் தளம் வழக்குகளை வயதுவாரியாகக் காட்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதில் இந்த மனு கைக்குழந்தை. அதைப் பெற்ற தாவாவுக்கு வயது இருபது.

நகரத்தாரின் ரங்கூன் வட்டிக்கடையில் பழைய நோட்டைக் கிழித்துப் புது நோட்டு எழுதிவிட்டு, கடன் வசூல் என்று ஐந்தொகையில் காட்டினால் முதலாளி சும்மா விட்டிருப்பாரா?

முதல்நிலைத் தீர்ப்பாணையோடு தாவா முடிவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2009இல் சொன்னது. தனி மனுவுக்குக் காத்திராமல் கீழமை நீதிமன்றங்களே மேற்கொண்டு நடத்த வேண்டும் என்று 2022இல் உத்தரவும் போட்டது. கீழமை நீதிபதிகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யூனிட்டை வைத்து ஒருவரை அளந்தால், மெலிந்த கட்டு மேலே வரும், தடித்த கட்டு அடியில் போகும்.

சிவகங்கைக்கு இது பழகிய கதை. 1829இல் ஜமீன்தார் கௌரி வல்லபர் இறந்ததும் சொத்து அண்ணன் வழிக்கா, தன் வழிக்கா என்று தகராறு. விதவை ஒருவர் வழக்காடி, இறுதித் தீர்ப்பைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். லண்டன் பிரிவி கவுன்சில் 1863இல்தான் மகள் காத்தம நாச்சியாருக்கு ஜமீனைக் கொடுத்தது. இடையில் எத்தனையோ ‘முடிவு’கள். நாச்சியாருக்கு அது ஒரே வழக்கு, 34 வருஷம்.

எனக்குத் தோன்றுவது இதுதான்: தாவாவின் முதல் எண்ணே இறுதி மனு, நிறைவேற்று மனு எல்லாவற்றுக்கும் தாய் எண்ணாகத் தொடரட்டும். சாவி கைமாறிய அன்று கழித்துக்கொள்ளலாம்.

நிலுவையிலுள்ள நிறைவேற்று மனுக்களின் கணக்கை உச்ச நீதிமன்றம் 2025இல் எல்லா உயர் நீதிமன்றங்களிடமும் கேட்டது. அப்போது வந்த கணக்குப்படி நாடு முழுக்க 8.82 லட்சம், தமிழ்நாட்டில் 86 ஆயிரத்துக்கு மேல். அமீனா கதவைத் தட்டப் போகிற அந்தக் கட்டத்தில் என்ன நடக்கிறது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)