ஜிம்மி ஜேம்ஸ்: மேடையே முகவரி

1964 ஏப்ரலில் ஜமைக்காவிலிருந்து லண்டனுக்கு வந்திறங்கியது 'வேகபாண்ட்ஸ்' இசைக்குழு. தீவு சுதந்திரம் பெற்று இரண்டு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. முன்னணிப் பாடகர் ஜிம்மி ஜேம்ஸுக்கு வயது 23. சொந்தமாக எழுதிப் பாடிய 'கம் டு மீ சாஃப்ட்லி' அவருக்கு ஊரில் ஏற்கெனவே பேர் வாங்கிக் கொடுத்திருந்தது.

லண்டனில் பேர் வாங்கித் தந்தது மேடை. தேவாலயப் பாட்டின் உருக்கமும் ரிதம் அண்ட் புளூஸின் தாளமும் கலந்த சோல் இசைக்கு, அங்கே மடிப்புக் கலையாத சூட்டும் ஸ்கூட்டருமாகத் திரிந்த 'மாட்' இளைஞர்கள் உயிரையே விட்டார்கள். அந்த இசையின் அமெரிக்கப் பாடகர்களோ எப்போதாவதுதான் கடல் தாண்டி வந்தார்கள். அந்தக் குறையைத் தீர்த்தது வேகபாண்ட்ஸ். வார்டர் தெருவின் மார்க்கீ கிளப்பில் ஜேம்ஸ் நெஞ்சு உருகப் பாட, குழுவின் இன்னொரு பாடகர் கவுண்ட் பிரின்ஸ் மில்லர் கூட்டத்தை ஆட்டிவைத்தார். 'தி ஹூ' குழுவை முதலில் வளர்த்துவிட்ட பீட்டர் மீடன்தான் இவர்களுக்கும் மேலாளர்.

இவ்வளவு இருந்தும் இசைத்தட்டுகள் விற்கவில்லை. 1966இல் 'தி நியூ ரிலிஜன்' ஆல்பம் வந்தது. நீல் டயமண்ட் எழுதிய 'ரெட் ரெட் வைன்' பாடலை 1968இல் ஜேம்ஸ் பாடினார். பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 36ஆம் இடம்தான் கிடைத்தது. அதே பாட்டை 1983இல் யூபி40 குழு ரெகே பாணியில் பாடி முதலிடம் பிடித்தது. திறமையை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது. மேடையில் பொங்கும் குரல் மூன்று நிமிடத் தட்டுக்குள் அடங்க மறுத்தது என்றே எனக்குப் படுகிறது.

1970இல் குழு கலைந்தது. ஜேம்ஸ் அதே பெயரில் புது ஆட்களைச் சேர்த்தார். அவருக்குக் கை கொடுத்தவர் பெங்களூரில் பிறந்து லண்டனில் வேரூன்றிய பித்து. இன்னொரு ஜமைக்காக்காரரான கார்ல் டக்ளஸை 1974இல் 'குங் ஃபூ ஃபைட்டிங்' பாட வைத்து உலகையே ஆடவைத்த அதே தயாரிப்பாளர். நாடித் துடிப்புபோல் நிற்காத டிஸ்கோ தாளத்தின் மேல் ஜேம்ஸின் குரலை அவர் ஏற்றினார். 1976இல் 'ஐ'ல் கோ வேர் யுவர் மியூசிக் டேக்ஸ் மி' 23ஆம் இடத்துக்கும், 'நவ் இஸ் த டைம்' 5ஆம் இடத்துக்கும் வந்தன. லண்டன் வந்து பன்னிரண்டு வருடம் கழித்துக் கிடைத்த வெற்றி அது.

ஜேம்ஸ் 2024 மே மாதம், 83 வயதில் மறைந்தார். அவரைப் புதிதாகக் கேட்கிறவர்கள் 1966இல் மார்க்கீயில் பதிவான 'லண்டன் ஸ்விங்ஸ்' தட்டிலிருந்து தொடங்கலாம். அதில் ஒரு பக்கம் ஆலன் பவுன் செட் குழுவுக்கு, மறுபக்கம் வேகபாண்ட்ஸுக்கு. கிளப்பில் கூடியிருந்தவர்களின் ஆரவாரமும் அதில் இருக்கிறது.