1,024-இல் முட்டி நிற்கும் சர்வர்

மேலூர் கடைவீதியில் பில் போட்டாலும், இ-சேவை மையத்தில் பட்டா நகல் எடுத்தாலும், கடைசியில் எங்கோ ஒரு தரவுத்தள சர்வர்தான் பதில் சொல்கிறது. கூட்டம் ஏறும்போது அது சில நேரம் முரண்டு பிடிக்கும். டிஸ்க்கில் இடம் இருக்கும், மெமரியும் இருக்கும். லாக்கைத் திறந்தால் பிழை எண் 24: ‘டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்’.

லினக்ஸில் ஒரு புரோகிராம் எந்தக் கோப்பைத் திறந்தாலும் கர்னல் அதற்கு ஓர் எண் கொடுக்கும். நெட்வொர்க் இணைப்புக்கும் அதே கணக்குதான். மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபியில் வழக்கமாக டேபிளுக்கு ஒரு கோப்பு. டேபிளை மாதவாரியாகப் பிரித்தால் பிரிவுக்கு ஒன்று. ஐந்து வருட பில்கள் என்றால் அந்த ஒரு டேபிளுக்கே 60 கோப்பு.

ஒரு புரோகிராமுக்கு இயல்பாகக் கிடைப்பதோ 1,024 எண்கள். ‘செலக்ட்’ என்ற பழைய சிஸ்டம் கால் 1,023-க்கு மேற்பட்ட எண்ணைக் கையாளாது. அதனால்தான் லினக்ஸில் சர்வீஸ்களைக் கிளப்பிவிடும் சிஸ்டம்டி, 2018 இறுதியில் வந்த 240-ஆம் பதிப்பில் உச்ச வரம்பை 5,24,288-க்கு ஏற்றியும் இந்த 1,024-ஐத் தொடவில்லை. கூடுதல் வேண்டும் என்கிற புரோகிராம் உச்சம் வரை தானே ஏற்றிக்கொள்ளலாம்.

பலர் லிமிட்ஸ் கான்ஃப் கோப்பில் பெரிய எண்ணை எழுதிவிட்டு, ஒன்றும் மாறவில்லையே என்று தவிக்கிறார்கள். அந்தக் கோப்பு லாகின் செய்து நுழைபவர்களுக்கானது. சிஸ்டம்டி கிளப்பிவிடும் சர்வர் அந்த வழியாக வருவதே இல்லை. வைகை அணையில் எத்தனை கன அடி திறந்துவிட்டாலும், வழியில் மதகு மூடியிருந்தால் மேலூர் வயலுக்குத் தண்ணீர் வராது அல்லவா? சர்வருக்கான மதகு, அதன் சிஸ்டம்டி சர்வீஸ் கோப்பில் உள்ள ‘லிமிட் நோஃபைல்’ என்ற வரி. அதை மாற்றி, சிஸ்டம்டியை ரீலோட் செய்து, சர்வரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். பிறகு டெர்மினலில் யூலிமிட் போட்டுப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். அது காட்டுவது உங்கள் ஷெல்லின் வரம்பை. ப்ராக் அடைவில் அந்தச் சர்வரின் பிராசஸ் எண்ணுக்குக் கீழே இருக்கும் ‘லிமிட்ஸ்’ கோப்பைப் படியுங்கள்.

எவ்வளவு வைப்பது? மோங்கோடிபி 64,000 வைக்கச் சொல்கிறது. வரம்பே வேண்டாம் என்று விடுவது நல்லதல்ல. கிளம்பும்போதே எல்லா எண்களையும் ஒவ்வொன்றாக மூடிப் பார்க்கும் புரோகிராம்கள் உண்டு, அவை அங்கேயே மாட்டிக்கொள்ளும். மைஎஸ்க்யூஎல் 8 இயல்பாகப் போடும் கணக்கு: 10, இணைப்புகள் 151, டேபிள் கேஷ் 4,000-இன் இருமடங்கு, ஆக 8,161 வேண்டும். 1,024 மட்டும் கிடைத்தால் அது நின்றுபோகாது. டேபிள் கேஷை 431-ஆகக் குறைத்துக்கொண்டு, லாக்கில் எச்சரிக்கை எழுதிவிட்டு, மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்.