தோல் களிம்பு: நன்மையும் அபாயமும்

சாயத் தொட்டியில் கை நனைப்போரும் சேற்றில் நின்று நடவு செய்வோரும் நிறைந்தது நம் கூட்டுறவுக் குடும்பம். ஆதலால் அரிப்பும் படையும் நமக்குப் புதியன அல்ல. அவை கண்டவுடன் மருந்துக் கடைக்குச் சென்று ஏதேனும் ஒரு களிம்பை வாங்கிப் பூசிக்கொள்ளும் வழக்கமும் நம்மிடையே உண்டு. அச்சிறு குழாயினுள் இருப்பது யாது என்பதை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

அவற்றுள் பல, ஸ்டீராய்டு கலந்தவை. சிறுநீரகத்தின் மேல் அமைந்த அட்ரினல் சுரப்பியில் இயற்கையாக ஊறும் பொருளை ஒத்தது இம்மருந்து. ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு தோல் அழற்சியைத் தணிக்கும் என்பதை 1952-இல் அமெரிக்க மருத்துவர்களான சுல்ஸ்பெர்கரும் விட்டனும் வெளியிட்டனர். அதுமுதல் கரப்பான், காளாஞ்சகப்படை போன்ற நோய்களால் வருந்துவோர்க்கு இஃது அரிய துணையாக இருந்து வருகிறது. ஆகவே, மருந்தைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அறியாது பூசுவதையே கண்டிக்கிறோம்.

இக்களிம்பு அழற்சியை அடக்குகிறது. ஆனால் பூஞ்சையைக் கொல்வதில்லை. இடுப்பில் தோன்றிய படர்தாமரையின்மீது இதைப் பூசினால் சில நாட்களில் அரிப்பு அடங்கும். பூஞ்சையோ, தோலின் எதிர்ப்புத் தளர்ந்தமையால், மறைவாகப் பரவும். பூச்சை நிறுத்தியதும் படை முன்னினும் அகன்று தோன்றும். அதன் உருவமும் மாறிவிடுவதால், மருத்துவரும் இன்ன நோய் என்று கண்டறிதல் அரிதாகிறது.

நெடுநாள் பூசுவதால் வேறொரு கேடும் உண்டு. தோலுக்கு உறுதி தரும் கொல்லாஜன் என்னும் புரத இழைகள் குறைகின்றன. இழை நைந்த துணி எவ்வாறு தாங்காதோ, அவ்வாறே தோலும் மெலிந்து எளிதில் கன்றிப்போகும். தொடை, அக்குள் முதலிய இடங்களில் விழும் வரிகள் பெரும்பாலும் மறைவதில்லை.

இம்மருந்து இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் தோல் வெளுத்துத் தோன்றும். இதை அழகென்று எண்ணி, இளம் பெண்கள் முகத்தில் பூசுகின்றனர். பின்னர்ப் பருவும் சிவப்பும் மயிர் வளர்ச்சியும் காண்கின்றன. நிறுத்தினால் எரிச்சல் மிகுகிறது. அதற்கஞ்சி மீண்டும் பூசுகின்றனர். கண்ணருகே நெடுநாள் பூசின் கண்ணழுத்த நோயும் வரக்கூடும். குழந்தைகளின் தோல் மருந்தை மிகுதியாக உறிஞ்சுமாதலால் அவர்கள்பால் தனிக் கவனம் வேண்டும்.

2018-இல் இந்திய அரசு இத்தகைய களிம்புகள் பலவற்றை, மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத எச் பட்டியலில் சேர்த்தது. குழாயின்மேல் பேட்டமெத்தசோன், க்ளோபெடசால், மொமெட்டசோன் என்னும் பெயர்களுள் ஏதேனும் காணப்படின் அது ஸ்டீராய்டு என அறிக. சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் கணுவரை பிதுக்கிய களிம்பு ஏறத்தாழ அரை கிராம். இரண்டு உள்ளங்கையளவு இடத்திற்கு அது போதும். எத்தனை நாள் பூசுவது என்பதை மருத்துவரே கூறவேண்டும். நெடுநாள் பூசி வருவோர், தாமாகத் திடீரென நிறுத்தாமல் அவரைக் கலந்துகொள்ளல் நலம்.

சாயத்தாலும் காரச் சோடாவாலும் கை வெடிப்போர்க்குக் கையுறையே முதல் மருந்து. வயலில் நனைந்தோர் உடலை நன்கு துவட்டி உலர்ந்த ஆடை உடுத்துவதும், துண்டைப் பிறரோடு பகிராதிருப்பதும் படையைத் தடுக்கும். அண்டை வீட்டார்க்குக் குணம் தந்த களிம்பு நமக்கும் குணம் தரும் என்று நம்பி, உழைக்கும் உடலைக் கெடுத்துக்கொள்ளாதிருப்போமாக.