பழக்கமும் உடல் எடையும்

உடல் எடையைக் குறைக்க முனைவோர் பலர். குறைந்த எடையைக் காத்து நிற்போர் சிலர். பட்டினி கிடந்தும் சோற்றை அறவே விலக்கியும் இரண்டு திங்களில் இளைத்தவர், பின்னர்ப் பழைய எடையையே மீண்டும் பெறுவது கண்கூடு. இதனை மனவுறுதி இன்மை என்று பழித்தல் பொருந்தாது. எடை குறையக் குறைய, உடல் செலவிடும் ஆற்றலும் குறைகின்றது, பசியோ மிகுகின்றது. ஆதலின், சில நாள் மட்டுமே தாங்கக்கூடிய கடுநோன்பினும், வாழ்நாள் முழுதும் இயல்பாய்ச் செய்யத்தக்க சிறு பழக்கமே நிலைத்த பயன் தருவதாகும்.

பழக்கம் எவ்வாறு வேரூன்றுகின்றது? இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரைக் கொண்டு ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட முடிவு இதனை விளக்கும். ஒவ்வொருவரும் உணவு, பானம், உடற்பயிற்சி ஆகியவற்றுள் ஒரு சிறு செயலைத் தேர்ந்து, காலை உணவு போன்ற அன்றாட நிகழ்ச்சி ஒன்றோடு இணைத்துச் செய்துவந்தனர். அது முயற்சியின்றித் தானே நிகழும் பழக்கமாவதற்கு 18 முதல் 254 நாள் வரை ஆகும் எனக் கணக்கிடப்பட்டது. இடைநிலை அளவு 66 நாள். இடையே ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெட்டுவிடவில்லை என்பதும் கருதத்தக்கது.

மலேசிய, சிங்கப்பூர் வாழ்க்கைக்கு ஏற்ற பழக்கங்கள் மூன்றைக் காணலாம்.

முதலாவது, பானம். ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறத்தாழ 5 கிராம். நாளொன்றுக்கு மூன்று குவளைத் தேநீர், குவளைக்கு இரண்டு கரண்டி என்றால், திங்களுக்கு 900 கிராம் சீனி உடலிற் சேர்கின்றது. இனிப்புப் பால் கலந்த தே தாரிக்கில் அது கண்ணுக்கும் தெரிவதில்லை. முதலில் ‘குராங் மானிஸ்’ என்றும், நாப் பழகியபின் ‘தே ஓ கோசோங்’ என்றும் கேட்டு வாங்குதல் எளிது.

இரண்டாவது, தட்டு. பாதி காய்கனி, கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், பருப்பு முதலியன என்பதே இரு நாட்டுச் சுகாதாரத் துறையினரும் கூறும் அளவு. காய்கறியை முதலில் இட்டால், சோறு தன் பங்கில் அடங்கும்.

மூன்றாவது, நடை. இரவு உணவு முடிந்ததும் பத்து நிமிடம் நடக்கத் தொடங்கலாம். நாளடைவில் அதனைக் கூட்டலாம்.

மூன்றையும் ஒருங்கே தொடங்குதல் வேண்டா. ஒன்று படிந்தபின் மற்றொன்றைக் கைக்கொள்க.

இத்துணைச் சிறு செயல்களால் என்ன விளையும் என ஐயுறுவோர் உண்டு. அமெரிக்காவில் நீரிழிவின் விளிம்பில் இருந்தோரிடையே நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், எடையில் 7 விழுக்காட்டைக் குறைத்தலும் வாரம் 150 நிமிட உடலுழைப்புமே இலக்காக வைக்கப்பட்டன. அவ்வழி நின்றோரிடம் நீரிழிவு தோன்றுவது, அவ்வாறு நில்லாதோரை நோக்க, 58 விழுக்காடு குறைந்தது.

வள்ளுவர் வகுத்த ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் மருந்தின் பெயர் ஒன்றேனும் இல்லை. அளவறிந்து உண்ணும் முறையே அங்கு முன்நிற்கின்றது.