வேகவைத்தால் மட்டும் போதுமா? தீவன மூட்டையில் ஒளிந்துவரும் வைரஸ்

ராணிப்பேட்டை, வாலாஜாபேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் என்றாலே தோல் தொழிற்சாலைகள்தான் நினைவுக்கு வரும். ஆனால், தொழிற்சாலைக்குள் போகும் பச்சைத்தோல் முழுவதும் ஷூவாகவும் பையாகவும் மாறுவதில்லை. உப்பிட்ட 1,000 கிலோ பச்சைத்தோலிலிருந்து பதப்படுத்திய தோலாகக் கிடைப்பது சுமார் 200 கிலோதான். மீதியெல்லாம் முடி, கொழுப்பு, உட்புறத்திலிருந்து சீவியெடுக்கும் சதை, ஓரங்களில் வெட்டித் தள்ளும் துண்டுகள்.

இறைச்சிக் கூடங்களிலும் இதே கதைதான். எலும்பு, ரத்தம், குடல், கோழி இறகு என்று மனிதர் சாப்பிடாத பகுதி மலைபோலக் குவியும். இதில் புரதம் இருக்கிறது, சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதனால்தான் இவற்றை வேகவைத்து, கொழுப்பைப் பிரித்து, உலர்த்தி அரைத்து இறைச்சித்தூள், எலும்புத்தூள், ரத்தத்தூள் என்று கோழித் தீவனத்துக்கும் மீன் தீவனத்துக்கும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். வீணாவது உணவாகிறது, நல்ல விஷயம்தான். ஆனால், செத்த விலங்கின் உடலில் நோய் இருந்திருந்தால்?

ராணிப்பேட்டைக்குப் பழக்கமான எதிரி

கால்நடை நோய் என்ன செய்யும் என்பது ராணிப்பேட்டைக்கு நன்றாகவே தெரியும். இங்குள்ள கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் 1932-ல் தொடங்கப்பட்டது. அந்நாளில் மாடுகளைக் கூட்டம் கூட்டமாகச் சாய்த்த வெக்கை நோயை எதிர்க்க மருந்து தயாரிப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. இந்தியாவில் வெக்கை நோய் கடைசியாகத் தலைகாட்டியது 1995-ல், நம் தமிழ்நாட்டில்தான். 2011-ல் உலகத்திலிருந்தே அந்த நோய் ஒழிக்கப்பட்டதாக அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதன் முற்றாக ஒழித்த இரண்டாவது நோய் அது.

அந்த வெற்றிக்கு முந்தைய அத்தியாயம் ஒன்று உண்டு. 1920-ல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குக் கப்பலில் போன மாடுகள் வழியில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் தங்கின. அவற்றிலிருந்து அங்கே வெக்கை நோய் பரவியது. அந்த அதிர்ச்சியில்தான் 1924-ல் 28 நாடுகள் சேர்ந்து, இன்று உலக விலங்கு சுகாதார அமைப்பு என்று அழைக்கப்படும் நிறுவனத்தை உருவாக்கின. வியாபாரம் போகும் வழியெல்லாம் வைரஸும் போகும் என்பது அன்று கிடைத்த பாடம். மாடாகப் போனாலும் சரி, மூட்டையில் தூளாகப் போனாலும் சரி, பாடம் ஒன்றுதான்.

எச்சில் உணவு கிளப்பிய பூகம்பம்

2001-ல் பிரிட்டனில் கோமாரி நோய் பரவியது. வடகிழக்கு இங்கிலாந்தில் இருந்த ஒரு பன்றிப் பண்ணையில், சரியாக வேகவைக்காத உணவுக் கழிவைப் பன்றிகளுக்குப் போட்டதிலிருந்துதான் அது பெரும்பாலும் தொடங்கியிருக்கும் என்பது அரசு விசாரணையின் முடிவு. நோயை நிறுத்த 60 லட்சத்துக்கும் அதிகமான கால்நடைகளைக் கொல்ல வேண்டியிருந்தது. அதே ஆண்டு, பன்றிகளுக்கு எச்சில் உணவு போடுவதையே அந்த நாடு தடை செய்தது.

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இன்னும் பொல்லாதது. பன்றி இறைச்சித் துண்டுக்குள் இருந்துகொண்டே கண்டம் தாண்டும். 2007-ல் ஜார்ஜியா, 2018-ல் சீனா, 2020-ல் அசாம், அருணாசலப் பிரதேசம் என்று நகர்ந்து, 2023 தொடக்கத்தில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் இறந்தபோது தமிழ்நாட்டிலும் உறுதியானது. மனிதருக்கு அது தொற்றாது. ஆனால், பன்றி வளர்த்துப் பிழைக்கும் குடும்பத்தின் முதலை ஒரே வாரத்தில் துடைத்துவிடும்.

வைரஸ் எதற்குப் பயப்படும்?

முதல் ஆயுதம் சூடு. உணவுக் கழிவை 90 டிகிரி செல்சியஸில், விடாமல் கிளறியபடி, குறைந்தது 60 நிமிடம் வைத்தால் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வைரஸ் செயலிழக்கும் என்கிறது உலக விலங்கு சுகாதார அமைப்பு. 'கிளறியபடி' என்ற சொல்தான் முக்கியம். அண்டாவின் மேல்பகுதி தளதளவென்று கொதிக்கும்போது, நடுவில் கிடக்கும் பெரிய எலும்புக்குள் சூடு ஏறாமலே இருக்கலாம்.

ஐரோப்பிய ஆலைகளில் உள்ள கடுமையான முறைப்படி, கழிவை முதலில் 50 மில்லிமீட்டருக்கு மிகாத துண்டுகளாக நொறுக்க வேண்டும். பிறகு 133 டிகிரி சூட்டில், 3 பார் நீராவி அழுத்தத்தில், 20 நிமிடம் வேகவைக்க வேண்டும். நம் வீட்டுக் குக்கர் தொடுவது சுமார் 120 டிகிரி.

இரண்டாவது ஆயுதம் தோல் தொழிலாளர்களுக்கு ரொம்பப் பழக்கமானது: உப்பும் காரமும். கோமாரி வைரஸுக்கு அமிலமும் ஆகாது, காரமும் ஆகாது. 2 சதவீதம் சலவைச் சோடா கலந்த உப்பில் பச்சைத்தோலை 28 நாள்கள் வைத்திருந்தால் அந்த வைரஸ் போய்விடும் என்பது சர்வதேச விதி. சுண்ணாம்புத் தொட்டியின் கடும் காரத்தையும் அதனால் தாங்க முடியாது. எனவே சுண்ணாம்புக்குப் பிறகு சீவிய சதையும், அதற்கு முன்பே சீவிய பச்சைச் சதையும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே வண்டியில் ஏற்றினால், சுத்தமானதும் கெட்டதாகிவிடும்.

அடுப்புக்கு அந்தப் பக்கம்

இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பாலைப் பொங்கக் காய்ச்சி, கழுவாத தயிர்ப் பாத்திரத்தில் ஊற்றினால் என்ன ஆகும்? தீவனமும் அப்படித்தான். வெந்து வெளியே வந்த தூளைப் பச்சைக் கழிவு கிடந்த தரையில் கொட்டினாலோ, அதே மண்வெட்டியால் அள்ளினாலோ, பழைய சாக்கில் கட்டினாலோ, கொதிக்க வைத்த எரிபொருள் செலவு முழுக்க வீண்.

2014-ல் கனடாவில் பன்றிக்குட்டிகளைக் கொல்லும் ஒரு வயிற்றுப்போக்கு நோய் பரவியபோது, தீவனத்தில் சேர்த்திருந்த பன்றி ரத்தப் பிளாஸ்மாத் தூள்மீது சந்தேகம் விழுந்தது. பரிசோதித்ததில், நோய் உண்டாக்கும் வைரஸ் அந்தத் தூளில் இருந்தது. தயாரித்த தீவனத்தால்தான் நோய் பரவியது என்பதை நிரூபிக்க முடியவில்லை. ஆனாலும், சூட்டில் உலர்த்திய பொருளிலும் வைரஸ் இருக்கலாம் என்பதை எல்லோரும் கவனித்தார்கள்.

அதனால் நல்ல ஆலைகளில் நடுவே ஒரு சுவர் இருக்கும். ஒரு பக்கம் பச்சைக் கழிவு, மறு பக்கம் வெந்த தூள். ஆள், செருப்பு, கருவி, வண்டி எதுவும் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வராது.

சூட்டுக்கும் அடங்காதவை

வைரஸ் போனாலும் எல்லாம் போய்விட்டதாக அர்த்தமில்லை. 1986-ல் பிரிட்டனில் கண்டறியப்பட்ட பைத்தியப் பசு நோய், மாட்டுக்கே மாட்டின் எலும்பு, இறைச்சித் தூளைக் கொடுத்ததால் பரவியது. அதற்குக் காரணம் வைரஸ் அல்ல, உருமாறிய ஒரு புரதம்; சாதாரண வேக்காட்டுக்கு அது அசையாது. தோல் பதனிடச் சேர்க்கும் குரோமியமும் அப்படித்தான். எவ்வளவு வேகவைத்தாலும் உலோகம் உலோகமாகவே இருக்கும். குரோம் ஏறிய தோல் சீவல் எந்தத் தீவனத்திலும் சேரக் கூடாது.

இந்தியாவிலும் பால், இறைச்சிக்காக வளர்க்கும் மாடு, ஆடுகளுக்கு இறைச்சித்தூளோ எலும்புத்தூளோ கலந்த தீவனம் கொடுக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி சொல்கிறது. கோழி, பன்றி, மீனுக்குத்தான் விலக்கு.

நீங்கள் செய்ய வேண்டியவை

* மாட்டுத் தீவனம் வாங்கும்போது மூட்டையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் தயாரிப்புத் தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். உதிரியாக விற்கும் தூள் வேண்டாம்.
* கோழித் தீவன மூட்டையை மாட்டுக் கொட்டகையில் வைக்காதீர்கள். மாடு வாய்வைத்தால் விதி மீறியதாகிவிடும்.
* பன்றிக்கு ஓட்டல் மிச்சம் போடுவதாக இருந்தால், கிளறிக் கிளறி ஒரு மணி நேரம் கொதிக்க விடுங்கள். பச்சைக் கழிவு கொண்டுவந்த வாளியில் வெந்ததை ஊற்றாதீர்கள்.
* கறிக்கடைக் குடலையும், கோழி கழுவிய தண்ணீரையும் வீட்டுக் கோழிகள் கொத்தும் இடத்தில் கொட்டாதீர்கள். வெள்ளைக்கழிச்சல் அப்படியும் வரும்.
* ஊரில் திடீரென்று கால்நடைகள் இறந்தால், உடலை யாருக்கும் விற்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இதில் கடைசி விஷயம்தான் முதல் தடுப்பு. நோயில் செத்த விலங்கு ஆலை வாசலுக்கே வராவிட்டால், அடுப்பின் வேலை பாதியாகக் குறையும்.