பண்ணைக் கணக்கும் கட்டத் தாளும்

தற்காலத்தில் நிலச்சுவான்தார்களில் அநேகர் தங்கள் வரவு செலவுகளைக் கம்ப்யூட்டரில் எக்ஸெல் போன்ற கட்டத் தாளில் எழுதி வருகின்றனர். ஆயினும், அறுவடை முடிந்தபின் எந்தத் தாக்கில் லாபம், எந்தத் தாக்கில் நஷ்டம் என்று வினவினால் விடை கூற இயலாதவரே பெரும்பாலோர். குற்றம் யந்திரத்தினுடையதன்று, தாளை வகுத்த முறையினுடையதேயாம்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு இதிற் புதிதாகக் கற்பிக்க வேண்டியது சொற்பமே. இரண்டாம் நம்பர் கிராமக் கணக்காகிய அடங்கலில் சர்வே நம்பர், விஸ்தீரணம், பயிர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கலம் உண்டு. (நெல் அளக்கும் கலமன்று.) கட்டத் தாளுக்கும் அதுவே விதி. ஒரு செலவுக்கு ஒரு வரி. ஒரு விவரத்துக்கு ஒரு கலம். "யூரியா 4 மூட்டை மேலத்தாக்கு கடன்" என்று ஒரே கட்டத்தில் அடைத்து எழுதினால், அதைக் கூட்டவும் இயலாது, பிரிக்கவும் இயலாது. கடனைச் சிவப்பு வர்ணமிட்டுக் காட்டுவோரும் உளர். வர்ணத்தை யந்திரம் சுலபத்திற் கூட்டாது. "கடன்" என்றே ஒரு கலத்தில் எழுதுதல் வேண்டும்.

காகிதக் கணக்கின் பழக்கமொன்றை மட்டும் அறவே விடவேண்டும். அது "மேற்படி" என்று எழுதுவது. வரிசைகளைத் தேதிவாரியாகவோ தாக்குவாரியாகவோ மாற்றியடுக்கிய மாத்திரத்தில், அந்த மேற்படிக்கு மேலே வேறொரு வரி வந்து நிற்கும். கீழத்தாக்கின் கூலி மேலத்தாக்கின் தலையில் ஏறிவிடும்.

அளவைகள் விஷயத்தில் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். 2018-ம் வருஷத்தில் யூரியா மூட்டை 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைக்கப்பட்டது. மூட்டைக் கணக்கு மாத்திரம் வைத்திருப்பவர், முன்போலவே 4 மூட்டை இட்டதாக எண்ணியிருப்பார். உண்மையில் 200 கிலோவுக்குப் பதில் 180 கிலோவே இட்டிருப்பார். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து ஆகையால், பயிருக்குக் குறைந்த சத்து 9 கிலோவுக்கு மேல். மகசூல் குறைந்ததற்கு விதையை நொந்துகொள்வதில் பயனென்ன? ஆகவே கலத்தின் தலைப்பிலேயே "கிலோ" என்றெழுதி, கட்டங்களில் எண்ணை மட்டும் இடுக. ஊருக்கு ஊர் வேறுபடும் குழியைத் தவிர்த்து ஏக்கர், சென்ட் கணக்கையே கொள்ளுதல் நலம்.

சர்வே நம்பரிலும் ஓர் அபாயம் உண்டு. 12/3 என்று எழுதினால் யந்திரம் அதை மார்ச்சு 12 என்றோ டிசம்பர் 3 என்றோ தேதியாக்கிவிடும். எழுதுமுன்னரே அக்கலத்தை "டெக்ஸ்ட்" வகையாக அமைத்தல் வேண்டும். (இத்தொல்லையால் மனித ஜீன்கள் சிலவற்றின் பெயர்களையே 2020-ம் வருஷத்தில் மாற்ற நேர்ந்தது.)

"களையெடுப்பு", "களை எடுப்பு", "களை" மூன்றும் குடியானவருக்கு ஒன்றே; யந்திரத்துக்கோ மூன்று வெவ்வேறு செலவுகள். செலவினப் பெயர்களை ஒரு ஜாபிதாவாக முதலில் எழுதிவைத்து, அதிலிருந்தே தெரிந்தெடுக்கும்படி கலத்தை அமைக்கலாம்.

மொத்தங்களை இடையிடையே எழுதாமல் வேறொரு தாளில் வைக்க வேண்டும். இடையில் எழுதிய மொத்தம் மறுபடியும் கூட்டலிற் சேர்ந்து செலவை இரட்டிப்பாக்கும். தேதிக் கலம் பிழையின்றி இருப்பின், ஜூலை 1-ந் தேதி தொடங்கும் பசலிக் கணக்கும், ஏப்ரல் முதல் மார்ச்சு வரை பாங்கியார் கேட்கும் கணக்கும் அந்த ஒரே தாளிலிருந்து கிடைக்கும்.